அரீனாவுக்கு வராதேங்கோ, அப்பா

டோர்செட் பார்க், ஸ்காபறோ
5 ஒக்டோபர் 1997

அன்பு மகன் பேனாட்,

நீ பென்சில்வேனியா போய்ச் சேர்ந்த செய்தியை அம்மாவுக்கு ரெலிபோனில் சொன்னாய். எனக்கும் சேர்த்துச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். ரிசீவரை வைத்த கையோடு அம்மா என் பக்கம் திரும்பி, "உங்கடை மகன் சுகமாம். உங்களோடை கதைக்க நேரமில்லையாம்" என்றாள். நேரமில்லாதவன் தாயோடு அவ்வளவு நேரம் என்ன கதைத்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

ரெலிபோன் என்றால் நீ வெட்டிவிடலாம். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறவனும் முதல் நாலு வரியை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பான்.

முதலில் கட்டடத்துப் புதினம். ஆறாம் மாடி செல்வரட்ணம் அண்ணை போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "கஸ்பரின்ரை பெடியன் இப்ப அமெரிக்காவிலை டிஃபென்ஸிலை இருக்கிறான்" என்று அறிவித்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஐஸ் ஹொக்கியில், பக் என்கிற றப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு கோல் போட வருகிறவனைத் தடுக்கிற ஆட்டக்காரனுக்கு டிஃபென்ஸ் என்று பெயர் என்பதை நான்தான் அவருக்குப் படம் கீறி விளங்கப்படுத்தினேன். மனுசன் படத்தை மேசையில் விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது சனம் உன்னை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சில் உட்கார வைத்திருக்கிறது. எமில்டா அன்ரி என்னை ஒரு மூலைக்கு இழுத்து, "கஸ்பர், உந்த ஏவுகணையள் எல்லாம் அவன்ரை கையாலையோ போகுது?" என்று கேட்டா. "அதெல்லாம் வெளியிலை கதைக்கக் கூடாது, அக்கா" என்றேன். அன்று முதல் எனக்குக் கோயிலில் முன் வாங்கில் இடம் விடுகிறார்கள். மஃபின் தொழிற்சாலையில் தட்டுத் துடைக்கிறவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் அதைத் திருத்த மனம் வருமா, சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில், வெக்ஸ்போர்ட் அரீனாவில் உன் கடைசி ஜூனியர் ஆட்டம் முடிந்து நீ உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தாய். நான் கட்லட் பெட்டியோடு நின்றேன். "அப்பா, இனி அரீனாவுக்கு வராதேங்கோ" என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. போன மாதம் என்னைப் பஸ் நிலையத்துக்குக்கூட வரவிடாமல் சிநேகிதனின் காரில் போய்விட்டாய்.

அன்றிலிருந்து என் குற்றங்களை நானே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கட்லட் மணமா? செல்வரட்ணம் அண்ணை தந்த அந்தப் பெண்பிள்ளைகள் போடுகிற ரோஸ் நிறக் குளிர்ச் சட்டையா? நடுவரை ஒருமுறை "கண் தெரியாத கழுதை" என்று திட்டினேன், ஆனால் தமிழில்தானே திட்டினேன்? உனக்கு ஏழு வயதில் சறுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு நானும் உன்னோடு இறங்கியது உனக்கு நினைவிருக்கும். நான் ஐஸில் ஏறினேன், பிறகு ஐஸ் என்மேல் ஏறியது. அன்றைக்கு முழு அரீனாவும் சிரித்தது, நீயும் சிரித்தாய். அப்போதெல்லாம் வராத வெட்கம் இப்போது எப்படி வந்தது?

எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி ஆடுகிறவன் நீ ஒருவன்தான். அதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. வரலாமா? கூடாதென்றால், ஏன்?

இன்னும் கிழிக்கவில்லை என்ற நம்பிக்கையில்,
அப்பா


ஹார்ட்வெல், பென்சில்வேனியா
26 ஒக்டோபர் 1997

அப்பா,

எனக்கு எழுத்துத் தமிழ் வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலை நான் நித்திரை எண்டு உங்களுக்குத் தெரியும். கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன். இங்கிலிஷிலை எழுதேலாது. என்னோடை இந்த வீட்டிலை டீம் பெடியள் மூண்டு பேர் இருக்கிறாங்கள், மேசையிலை கிடக்கிற எல்லாத்தையும் வாசிப்பாங்கள். உங்கடை கடிதத்தைத் தலைகீழாப் பிடிச்சு, "இதென்ன, நூடில்ஸோ?" எண்டு கேட்டாங்கள். அப்ப தமிழ்தான் சேஃப்.

கட்லட் இல்லை அப்பா. கட்லட்டுக்காகத்தான் ஜூனியர் டீமிலை பாதிப்பேர் என்னோடை கதைச்சவங்கள். சட்டையும் இல்லை. (அந்தச் சட்டை வடிவில்லைத்தான்.)

நீங்கள் கத்துற சொல்லுதான். மறி.

ஆரும் பக்கைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்ட வந்தால் நீங்கள் எழும்பி நிண்டு "மறி! மறி!" எண்டு கத்துவீங்கள். எனக்கு விளங்கும், அவனை மறி, போக விடாதை எண்டு. ஆனால் அங்கை இருக்கிற வேறை ஒருத்தருக்கும் அது மறி எண்டு கேக்கிறேல்லை. மேரி எண்டுதான் கேக்குது. மேரி, பொம்பிளைப் பேர். எதிர் டீம் பெடியள் எனக்குக் கிட்ட வந்து, "மேரி, உன்ரை அப்பா கூப்பிடுறார்" எண்டு கொஞ்சுற மாதிரிச் சத்தம் போடுவாங்கள். பிறகு எங்கடை டீமும் தொடங்கிட்டுது. நான் அஞ்சு வருசமா மேரி.

கடைசி ஆட்டத்திலை இந்த டீமின்ரை ஆள் ஒருத்தர் என்னைப் பாக்க வந்தவர். "உன்ரை அப்பா கூப்பிடுற மேரி ஆர்?" எண்டு கேட்டார். "என்ரை கேர்ள்ஃபிரெண்ட். அப்பாவுக்கு அவளை நல்ல விருப்பம்" எண்டு சொல்லிட்டன். அந்தக் கதை எனக்கு முன்னமே இங்கை வந்து சேந்திட்டுது. இப்ப எல்லாரும் மேரியின்ரை படம் கேக்கிறாங்கள்.

அம்மாட்டைச் சொல்லாதேங்கோ.

இன்னொண்டு. நான் இங்கை ஏழாவது டிஃபென்ஸ். ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் இறங்குவினம். ஏழாவது ஆள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேல இருந்து பொப்கோண் சாப்பிடுவான். தை மாதம் முடியுமட்டும்தான் ட்ரையல், பிறகு வைச்சிருப்பினமோ அனுப்புவினமோ தெரியாது. வராதேங்கோ. வந்தாலும் நான் பொப்கோண் சாப்பிடுறதைத்தான் பாப்பீங்கள்.

பேனாட்


டோர்செட் பார்க்
16 நவம்பர் 1997

அன்பு மகன்,

உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா ஓடி வந்து என் நெஞ்சைத் தடவினாள். ஏன் சிரித்தேன் என்று சொல்லாவிட்டால் அம்புலன்ஸுக்கு அடிக்கப் போகிறேன் என்றாள். ஆகவே சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தது அடுத்த பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கத்துக்கு நான் அப்போது போகவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "ஆரவள் மேரி? எந்த இடத்துப் பிள்ளை?" என்றாள். அப்படி ஒருத்தி இல்லை என்று விளங்கப்படுத்தவே எனக்கு ஒரு மாலை போய்விட்டது. இல்லாத மருமகளில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

ஒரு பழைய புதிர் இப்போது அவிழ்ந்தது. வெக்ஸ்போர்ட்டில் எதிர் அணிப் பெடியன் ஒருவனின் தாய், அந்த இத்தாலிய மனிசி, ஒருநாள் என் கையைப் பிடித்துக் கண் கலங்கி மாதாவின் பதக்கம் ஒன்றைத் தந்தது ஞாபகமா? தோற்றுக்கொண்டிருக்கும்போது மேரி, மேரி என்று மாதாவைக் கூவி அழைக்கிற பக்திமான் என்று நினைத்திருக்கிறா! நான் அது கனடா வழக்கமாக்கும் என்று எண்ணிப் பதிலுக்கு ஒரு கட்லட் கொடுத்தேன்.

செல்வரட்ணம் அண்ணை நம்பவில்லை. "மறி எப்பிடியடா மேரி ஆகும்? காது செவிடோ அவங்களுக்கு?" என்று சோதனைக்கு இறங்கிவிட்டார். லிஃப்ட் கதவு மூடப்போகும்போது வெளியே நின்ற எங்கள் மாடி ஜமேய்க்காக்காரியைப் பார்த்து, கதவைக் காட்டி, "மறி! மறி!" என்று கத்தினார். அந்த மனிசி நிதானமாக அவரை மேலும் கீழும் பார்த்து, "வேண்டாம் ராசா, எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் படியால் போய்விட்டது. அவளுக்கு அது இங்கிலிஷில் 'கலியாணம் கட்டு' என்று கேட்டிருக்கிறது. அண்ணை இப்போது லிஃப்டில் வாயே திறப்பதில்லை. அந்த வகையில் கட்டடத்துக்கே நன்மை.

இவ்வளவும் சிரிப்பு. இனி எழுதுவது சிரிப்பில்லை.

ஓடுகிற மாட்டை மறி, போகிற பஸ்ஸை மறி என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த சொல் அது. எனக்கு உன் விளையாட்டில் ஒரு சட்டமும் தெரியாது. சங்கு ஊதினால் பாதி நேரம் ஏன் ஊதுகிறார்கள் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அதை நீ ஒரு பெண்பிள்ளையாக்கி, படம் வேறு காட்ட வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாய். பரவாயில்லை. எனக்குக் கொஞ்சம் நோகிறது, அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்தால் போய்விடும்.

ஒரு சமாதானம் பேசுவோம். நான் வருகிறேன். கழுத்துச் சால்வையால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். அம்மா முடிச்சுப் போடத் தயார் என்கிறாள், கொஞ்சம் அதிக ஆர்வத்தோடுதான். நீ மேலே இருந்து பொப்கோண் சாப்பிட்டாலும் அதையும் பார்ப்பேன். சம்பளத்துக்குப் பொப்கோண் சாப்பிடுகிற மகன் எத்தனை பேருக்கு இருக்கிறான்?

பதில் வரும்வரை வாயைக் கட்டிப் பழகுகிற,
அப்பா


ஹார்ட்வெல்
14 டிசம்பர் 1997

அப்பா,

எங்கடை டிஃபென்ஸிலை ஒருத்தன் விழுந்து கையை முறிச்சிட்டான். அதாலை என்னை இறக்கினவை.

சரியில்லை. என்ரை பக்கத்தாலை ரெண்டு கோல் போச்சுது. கோச் சொல்லுறார், நான் பின்னுக்குப் பின்னுக்குப் போறனாம். ஐஸிலை கீறின நீலக் கோட்டிலை நிண்டு மறிக்க வேண்டியவன் கோல் வாசல்வரைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு வாறனாம், விருந்தாளி மாதிரி. ரெண்டாவது கோலுக்குப் பிறகு எங்கடை வாங்கிலையே ஒருத்தன், "மேரி கதவைத் திறந்து விட்டிட்டாள்" எண்டான். எல்லாரும் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சன். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை, நானும் சிரிச்சது.

நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாலும், எங்கை இருக்கிறீங்கள் எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன். வராதேங்கோ. கோபத்திலை சொல்லேல்லை. இப்ப வந்தால் நான் விழுறதைத்தான் பாப்பீங்கள்.

கிறிஸ்மஸுக்கு வரேலாது, அடுத்த நாள் ஆட்டம் இருக்கு. அம்மாட்டை நீங்கள்தான் சொல்லோணும். மேரியைச் சொன்ன மாதிரி இதையும் சொல்லுங்கோ.

பேனாட்


டோர்செட் பார்க்
28 டிசம்பர் 1997

அன்பு மகன்,

நீ வராததைச் சொன்னேன். அம்மா போய் வழக்கம்போல ரொட்டி மாவைக் குழைத்தாள். நான் தின்றதற்கு மேலே மிஞ்சியதெல்லாம் செல்வரட்ணம் அண்ணை வீட்டுக்குப் போனது. அந்த மனுசன் உன்னால் கொழுக்கிறார்.

வருகிறேன் என்று இனி கேட்க மாட்டேன். நீ சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. விழும்போது பார்க்கக் கூடாது என்று நானும் ஒருமுறை நினைத்திருக்கிறேன், ஐஸில் என் இரண்டு காலும் வானத்தைப் பார்த்த அன்றைக்கு.

பின்னுக்குப் போவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உன் கோச்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் சட்டம் தெரிந்து கத்தினவனில்லை. என் பிள்ளையை ஒருத்தன் தாண்டிப் போகிறான் என்று கண்டால் வாய் தானாகத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

இன்னொரு புதினம். நத்தார் பூசைக்குப் போனபோது எமில்டா அன்ரி புதிதாக வந்த ஃபாதரிடம் என்னைக் காட்டி, "இவரின்ரை மகன்தான் பெண்டகனிலை" என்று தொடங்கினா. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "இல்லை ஃபாதர், அவன் ஐஸ் ஹொக்கி விளையாடுறான். சம்பளத்துக்கு. தடுக்கிற ஆள்" என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் பலமாக. சுற்றி நின்ற சனம் என் பக்கம் திரும்பியது. எமில்டா அன்ரி என் கையைப் பிடித்து, செத்த வீட்டில் பிடிக்கிற மாதிரி, "பாவம், அப்ப பெடியன் படிக்கேல்லையோ?" என்று கேட்டா. முன் வாங்கு போய்விட்டது. இப்போது பழையபடி தூணுக்குப் பின்னால் இருக்கிறேன். அங்கிருந்து பீடம் தெரியாது. ஆனால் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, மகன். ஏவுகணைக்காரனுக்கு அப்பாவாக இருந்தபோது இப்படி இருக்கவில்லை.

சுகமாக இரு. சாப்பிடு.

தூணுக்குப் பின்னாலிருந்து,
அப்பா


ஹார்ட்வெல்
1 பெப்ரவரி 1998

அப்பா,

நான் சொல்லிட்டன்.

உங்கடை தூண் கடிதத்தை வாசிச்சிட்டு எனக்கு ரெண்டு நாள் ஒரு மாதிரிக் கிடந்தது. பிறகு பஸ்ஸிலை போகேக்கை அவங்கள் மேரியின்ரை படம் கேட்டாங்கள். "மேரி எண்டு ஒருத்தியும் இல்லை. அது என்ரை அப்பா கத்துற சொல்லு. மறி. உன்னைத் தாண்ட விடாதை, வழியை அடை எண்டு அர்த்தம். எங்கடை பாஷை" எண்டு சொன்னன். சிரிக்கப் போறாங்கள் எண்டுதான் நினைச்சன்.

எங்கடை கோலி, கோல் காக்கிறவன், லுக் எண்டு ஒரு கியூபெக் பெடியன். ஃபிரெஞ்சு, அவனையும் எல்லாரும் பகிடி பண்ணுறவங்கள். அவன் பின்னாலை இருந்து, "நல்ல சொல்லு. சின்னச் சொல்லு. எனக்கு வேணும்" எண்டான். அடுத்த ஆட்டத்திலை ஒருத்தன் பக்கைத் தள்ளிக்கொண்டு பறந்து வாறான், நான் பழையபடி பின்னுக்குப் போகத் தொடங்குறன், கோல் வாசலிலை இருந்து லுக் கத்துறான்: "மறீ!" அவனுக்கு 'ற' வராது அப்பா, தொண்டைக்குள்ளை என்னவோ செய்யுறான், குடல் வெளியிலை வாற மாதிரி. ஆனால் எனக்குக் கால் நிண்டிட்டுது. நிண்டன். அவன் வந்து என்ரை தோளிலை மோதினான், பக் ஒரு பக்கம் போச்சு, அவன் ஒரு பக்கம் போனான்.

இப்ப முழு டீமும் சொல்லுது. கோச் கரும்பலகையிலை இங்கிலிஷ் எழுத்திலை எழுதி வைச்சிருக்கிறார், பிழையா.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சீசன் முடியுமட்டும் சைன் பண்ணினவை. ட்ரையல் இல்லை. ஆறு பேரிலை ஒருத்தன். பொப்கோண் வேறை ஆளுக்கு.

மார்ச் எட்டாம் திகதி எங்கடை லீக் ஒரு ஆட்டத்தை ரொறன்ரோவிலை வைக்குது, எக்ஸிபிஷன் பக்கத்து அரீனாவிலை. ஞாயிறு பின்னேரம். நாலு ரிக்கெற் வைச்சிருக்கிறன். வாங்கோ அப்பா. சால்வை வேண்டாம். கத்துங்கோ.

பேனாட்


ஹார்ட்வெல்
10 மார்ச் 1998

அப்பா,

நீங்கள் ஏன் கத்தேல்லை?

ஆட்டத்திலை வெண்டது சந்தோஷம்தான். ஆனால் ஆட்டம் முழுக்க நான் கேட்டுக்கொண்டு இருந்தனான். கடைசியிலை ஒரு தரம் "மறியடா" எண்டு கேட்டுது, ஆனால் அது உங்கடை குரல் இல்லை. வெளியிலை வந்து உங்களைக் கண்டன். எங்கடை பஸ் வெளிக்கிட நிண்டுது. நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் கட்லட் பெட்டியைக் கையிலை திணிச்சிட்டு அங்காலை திரும்பிட்டீங்கள். அம்மாதான் கதைச்சவ.

இன்னும் கோபமோ? உண்மையைச் சொல்லுங்கோ.

பேனாட்


டோர்செட் பார்க்
15 மார்ச் 1998

அன்பு மகன்,

கோபமா? மடையா. வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. உன் கூட்டாளிகள் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேரியிலிருந்து இப்போதுதான் தப்பி வந்திருக்கிறாய், அழுமூஞ்சி அப்பன் ஒருவனையும் உன் தலையில் கட்ட நான் விரும்பவில்லை. அதனால்தான் கட்லட்.

கத்தத்தான் வந்தேன். சத்தியமாக. மூன்று நாள் இஞ்சிக் கோப்பி குடித்துத் தொண்டையைத் தீட்டி வைத்திருந்தேன். செல்வரட்ணம் அண்ணையின் வானில் வந்தோம், அவரும் எமில்டா அன்ரியும் பின்னால், அம்மா முன்னால் செபமாலையோடு. எமில்டா அன்ரி வழி முழுக்க, "உதுக்கு உண்மையிலை சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தா.

நீங்கள் வரிசையாக ஐஸில் வந்தீர்கள். நீ எங்களுக்கு முன்னால் வந்து வளைந்து, முதுகைக் காட்டி நின்றாய். வெக்ஸ்போர்ட்டில் நீங்கள் போட்ட சட்டைகளில் வெறும் இலக்கம்தான் இருந்தது. இந்தச் சட்டையில் இலக்கத்துக்கு மேலே எழுத்தும் இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். கஸ்பர்.

அது என் பெயர், மகன்.

எண்பத்து நாலில் விமான நிலையத்தில் அந்த அதிகாரி உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, பிள்ளைக்குப் பின்னால் தகப்பன் பெயர்தான் வரும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவன் உன் பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போட்டான். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த நாட்டில் என் பெயரைச் சத்தமாக வாசித்தது டொக்டரின் அறையில் இருக்கிற நேர்ஸ் மட்டும்தான், அதுவும் பிழையாக. இப்போது ஒருவன் ஒலிபெருக்கியில், அரங்கு முழுக்கக் கேட்கும்படி, "பேனாட் கஸ்பர்!" என்கிறான். நான் எழும்பிவிட்டேன். எழும்பி "யெஸ்" என்றும் சொல்லிவிட்டேன். செல்வரட்ணம் அண்ணை என் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

எனக்குப் பின்னால் ஒரு தடியன், பியர் கோப்பையோடு. முதல் கட்டத்தில் உனக்கு ஒரு பக் தவறிவிட்டது. அவன் எழும்பி, "கஸ்பர், நீ ஒரு உதவாக்கரை!" என்றான். மகன், என்னை அப்படி நேருக்கு நேர் சொல்ல அம்மாவைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவோ செபமாலையைச் சுருட்டிக்கொண்டு, "ஆரைச் சொல்லுறான் உவன்? உங்களையோ, பிள்ளையையோ?" என்று கேட்டாள்.

பிறகு கடைசிக் கட்டம். அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் உன்னை நோக்கிப் பறந்து வந்தபோது நான் எழும்பினேன், வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. நீ பின்னுக்குப் போகவில்லை. அந்த நீலக் கோட்டில், என் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு, அப்படியே நின்றாய். அப்போதுதான் பக்கத்தில், பத்து வருசமாக உன் ஆட்டத்தில் கண்ணை மூடிச் செபம் மட்டும் சொன்ன மனிசி, வாங்கில் ஏறி நின்று, "மறியடா! மறியடா பேனாட்!" என்று கத்தினாள். நீ கேட்ட குரல் அதுதான். நான் கூடக் கேட்டதில்லை அப்படி ஒரு குரலை, கலியாணம் செய்து இந்த இருபத்திரண்டு வருசத்தில்.

நீ அவனை ஐஸைச் சுற்றி நிற்கிற கண்ணாடித் தடுப்போடு சேர்த்து அடித்தாய், எங்களுக்கு நேர் முன்னால். கண்ணாடி அதிர்ந்தது. எமில்டா அன்ரியின் கோப்பி செல்வரட்ணம் அண்ணையின் மடியில். அன்ரி அதைக் கவனிக்காமல், "சம்பளம் குடுக்கத்தான் வேணும்" என்றா.

பின்னால் இருந்த தடியன் எழும்பிக் கை தட்டினான். "நல்ல வேலை, கஸ்பர்!" என்று உரத்துக் கத்தினான்.

நான் திரும்பி, தலையைக் குனிந்து, "தாங்க் யூ" என்றேன்.

அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
கஸ்பர்